ஒரு பாய் அகல மண்

அவர் டீயைக் கடைசிவரை குடித்து நான் பார்த்ததே இல்லை. தம்ளரில் ஒரு வாய் மிச்சம் இருக்கும்போதே எழுந்துவிடுவார். வேலியோரம் இருந்த எறும்புப் புற்றின் பக்கத்தில் அதைச் சாய்த்துவிட்டு, தம்ளரைத் தொட்டித் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. எறும்புகளுக்கு அவர் டீ குடிக்கும் நேரம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவர் போவதற்கு முன்பே வரிசை கட்டிவிடும்.

"ஏம்மா, நல்ல டீதானே? ஏன் கொட்டறே?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கொட்டல சார். அதுங்களுக்கு உட்டேன்," என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்காதவன் நான். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து வழிக்கிறவன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து, அரக்கோணத்தில் ஓய்வு பெற்றேன். அந்த வேலையில் ஒரு நட்டை முக்கால்வாசி முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. முடி, சரிபார், கையெழுத்துப் போடு. அப்படியே பழகிப்போனவன் கண்ணுக்கு, எதையும் கொஞ்சம் மீதி விட்டுவிட்டு எழுந்து போகிற ஒருவர் எப்படித் தெரிவார்? சோம்பேறியாகத்தான் தெரிந்தார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அவருக்கும் பிடிக்காது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் நிலத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்தியவன் நான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், எழுதிக்கொண்டு போகிற போக்கில் என்னை நல்லவனாக்கிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன்.

ஓய்வு பெற்ற கையோடு திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற பக்கத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினேன். மேட்டு நிலம், சரிவு. உச்சியில் நின்றால் மலைக்கோயில் தெரியும். விற்றவர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோயில் தெரிவதைத்தான் பத்து முறை சொன்னார். நானும் அதில்தான் விழுந்தேன். அதற்குப் பிறகு பெர்மாகல்ச்சர் என்று ஒரு பயிற்சிக்கு இரண்டு நாள் போய்வந்தேன். மண்ணைக் கிளறாதே, மூடாக்குப் போடு, மழைநீரை நிலத்திலேயே நிறுத்து. பெரிய பலகையில் வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்டினார்கள். நான் கோடு பிசகாமல் நோட்டில் வரைந்துகொண்டு வந்தேன்.

கூலிக்கு வந்த மூன்று பெண்களில் அவர் ஒருவர். ஐம்பதுக்குள் இருக்கும். என் நிலத்துக்கு நேர் கீழே அவருக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. அதன் மேல் மூலையில் ஒரு குட்டை. மழைக்கு என் மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர்தான் அதில் சேரும். ஆடியில் வேர்க்கடலை போடுவார். கடலைக்கு விழுது இறங்கும் நேரத்தில் வானம் ஏமாற்றினால், வாடகைக்கு ஒரு ஆயில் இன்ஜின் கொண்டுவந்து குட்டையிலிருந்து ஒரு தண்ணீர் கட்டிவிடுவார். அந்த ஒரு தண்ணீரில் காய் பிடித்துவிடும்.

அவர் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ஒரு கிடங்குக்குக் காவல்காரர். நிலத்தை விற்றுவிட்டு அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இதை ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். நிலத்தை அவர் கொல்லி என்பார்.

"நானும் ஒரே பேச்சா சொல்லிட்டேன் சார். குட்டையில தண்ணி வர்ற வரைக்கும் கொல்லியத் தொடக்கூடாது. தண்ணி நின்னுபோச்சுன்னா அப்பால உன் இஷ்டம்னு."

"அவர் என்ன சொன்னாரு?"

"இன்னா சொல்லும்? மழ பேஞ்சா குட்டையப் பாக்க வரும், மூஞ்ச சுளிச்சிகினு போவும்."

நானும் சிரித்தேன். நினைவில் வையுங்கள். அவருக்கு அந்தக் குட்டை என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தேன்.

களை எடுக்கச் சொன்னால் சுத்தமாக எடுப்பார், கடைசி மூலையைத் தவிர. ஒரு முழத்துக்கு ஒரு முழம், தும்பையும் குப்பைமேனியும் நாயுருவியுமாக அப்படியே நிற்கும். மற்ற இரண்டு பெண்கள் எடுத்த பாத்தி துடைத்த மாதிரி இருக்கும். நான் போய் நின்று அந்த மூலையைக் காட்டுவேன்.

"இது என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"அது இருக்கட்டும் சார். பூச்சிப் பொட்டு எங்க போவும்?"

"பூச்சி போகத்தானே களை எடுக்கறோம்?"

"எல்லாப் பூச்சியுமா?"

அவர் வீட்டுக்குப் போனதும் நான் உட்கார்ந்து அந்த முழத்தையும் பிடுங்கிப் போடுவேன். அந்த வருடம் புடலைப் பந்தலில் பூவெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது, காய் சொற்பம். கீழே அவருடைய பந்தலில் கை கையாகத் தொங்கியது. மண் வாகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சியில் படம் போட்டுச் சொன்னார்கள், தோட்டத்தில் ஒரு மூலையைத் தொடாமல் காடாக விடுங்கள், தேனீயும் குளவியும் அங்கே குடியிருக்கும் என்று. அதை நோட்டில் பச்சை மையில் எழுதியிருக்கிறேன். எழுதியவன் கைதான் தும்பையைப் பிடுங்கியது. படத்தில் இருந்தபோது அது ஞானம், அவர் செய்தபோது அரைகுறை வேலை.

கடலை பிடுங்கும்போதும் இதே கதை. செடியைப் பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கிய காய்களுக்காக இன்னொரு முறை கொத்திப் பார்க்கச் சொன்னேன். நாலு வரிசை கொத்தினார், கடைசி இரண்டைக் கொத்தவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது முன்பின் தெரியாத ஒரு கிழவியும் ஒரு பெண்ணும் அந்த வரிசைகளில் உட்கார்ந்து, சின்னக் களைக்கொத்தால் கிளறி மடியில் காய் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் போகும்போதுதான் அந்த அம்மா சொன்னார்.

"அந்த ஆயா வருஷா வருஷம் வரும் சார். அந்தக் கடலைதான் அதுக்குக் கார்த்திகைக்கு."

"என் நிலம்மா இது."

"ஆங்," என்றார். அவர் ஆங் என்றால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். இது எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது.

சாமியிடமும் அவர் இப்படித்தான். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடி. அவரும் பூக்காவடி எடுத்து, முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி வந்தார். மறுநாள் வேலைக்கு வந்தவரிடம், "முருகன் கிட்ட என்னம்மா கேட்டே?" என்றேன்.

"கேட்டேன் சார், நாலு விஷயம் இருந்துச்சு. மூணு கேட்டேன்."

"நாலாவது?"

"எல்லாத்தையும் ஒரே வாட்டி கேட்டுட்டா அப்பால அவன் கிட்ட போறதுக்கு ஒண்ணு வேணாமா? மிச்சம் இருந்தாத்தான் சார் அடுத்தது வரும்."

நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லோரும் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள்.

இனி வாய்க்காலுக்கு வருகிறேன். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாடம்தான். சரிவான நிலத்தில் குறுக்காக, சம மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, கீழ்ப் பக்கம் கரை போட வேண்டும். மழைநீர் ஓடாமல் அதில் நின்று மண்ணுக்குள் இறங்கும். மூன்று மூங்கில் கழியைக் கட்டி, நடுவில் கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்க்கிற சட்டம் ஒன்றை நானே செய்தேன். சிக்னல்காரன் அல்லவா, ஒரு விரல்கடை பிசகவில்லை. சித்திரை வெயிலில் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டேன். கடைசிக் கோடு என் எல்லையை ஒட்டி, அவருடைய நிலத்துக்கு நேர் மேலே.

அந்தக் கடைசி வாய்க்காலை வெட்டியவர் அவர்தான். மற்ற இருவரும் மேல் வாய்க்கால்களில் இருந்தார்கள். நாலு நாள் வெட்டினார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், கிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு மண் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் வாய்க்காலும் இல்லை, கரையும் இல்லை. இரண்டு பக்கமும் நறுக்கென்று வெட்டி, நடுவில் மட்டும் நடைபாதை மாதிரி விட்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கே?"

"அது தண்ணிக்கு உட்டது சார். ஒரு வழி உட்டுடுங்க."

"தண்ணி வெளியே போகக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு? ஒரு சொட்டுகூட என் நிலத்தைத் தாண்டக் கூடாதும்மா."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கீழே பார்த்தார். நானும் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். குட்டை காய்ந்து கிடந்தது, சித்திரை மாதம் எல்லாக் குட்டையும் அப்படித்தான் கிடக்கும். அவர் "ஆங்" என்றார். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அவருடைய டீ ஞாபகம் வந்தது. தும்பை மூலை ஞாபகம் வந்தது. இந்த அம்மாவுக்கு எதையும் முழுசாக முடிக்கத் தெரியாது என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் வந்திருந்தாள். அவளைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பாய் அகல மண்ணை நானே வெட்டினேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். கடைசி வெட்டு முடிந்ததும் நிமிர்ந்து கையைத் தூக்கிக் காட்டினேன். "முடிச்சாச்சு! இனி ஒரு சொட்டு வெளியே போகாது!" பயிற்சிக் குழுவில் அந்த வீடியோவுக்கு வந்த பாராட்டு, நான் ஓய்வு பெற்ற நாளில்கூட வரவில்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு மழை அடித்தது. சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று வாய்க்காலும் கரை முட்ட நின்றன. குழந்தை மாதிரி காலை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். கீழே அவர் தன் குட்டைக் கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மழை வந்தால் அவர் குட்டைக்குப் போவது வழக்கம். தண்ணீர் உள்ளே இறங்கும்போது, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி தெலுங்கில் "ரா, ரா" என்று கூப்பிடுவார். அவர் வீட்டில் தெலுங்குதான். முந்தைய வருடம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

"நல்ல மழைம்மா!" என்று கத்தினேன்.

"ஆங், நல்ல மழ சார்," என்றார்.

அந்த வருடம் ஆடிக்குப் பிறகு மழை குறைந்துபோனது. ஊரே மழை கம்மி என்றது. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. அவருடைய கடலைக்கு விழுது இறங்கும் நேரம் வந்தது, குட்டையில் கணுக்கால் அளவு சேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் என் தொட்டியருகே குடத்தோடு வந்து நின்றார்.

"சார், மொளகா நாத்துக்கு ரெண்டு கொடம் எடுத்துக்கட்டுமா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமாம்மா? தாராளமா எடுத்துக்கோ," என்றேன்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அவருடைய குட்டைத் தண்ணீரை வழியில் மறித்து வைத்துக்கொண்டு, அதில் இரண்டு குடத்தை அவருக்கே தானம் செய்தேன். அவர் "நல்லாருப்பீங்க சார்" என்றார். அதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தினமும் இரண்டு குடம். இரண்டாவது குடத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு சொம்பு மொண்டு, காக்கைக்கு வைத்த உடைந்த சட்டியில் ஊற்றிவிட்டுப் போவார். கடலை காய் பிடிக்கவில்லை. செடியை மாட்டுக்குப் பிடுங்கிப் போட்டார். என் பப்பாளிகள் அந்த வருடம் காய்த்த காயைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள்.

அடுத்த வருடமும் அப்படியே ஆனது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தடம் பிடித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஒரு பழுது என்றால் முதலில், கடைசியாக யார் எங்கே கை வைத்தார்கள் என்று பார்ப்போம். அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டால் பதில் என்னவென்று உள்ளே எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும்.

புரட்டாசியில் அவர் வேலைக்கு வருவது நின்றது. உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் போனபோது கீழே வெள்ளையும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. மனைப் பிரிவு. பந்தல் இல்லை. குட்டையில் லாரி மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கேட்டதற்கு இந்த முறை அவரிடம் பதில் இல்லாமல் போயிருக்கிறது. தண்ணீர் நின்றுபோனால் உன் இஷ்டம் என்று சொன்னவர் அவர்தானே.

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அந்தக் குட்டை மேட்டில் இறங்கி நின்று, மேலே என் நிலத்தைப் பார்த்தேன். காய்ந்த கோரைப்புல் ஒரு கோடாக ஏறிப் போனது. பல வருடம் தண்ணீர் வந்த தடம். அதன் பின்னாலேயே நடந்தேன். அது நேராக என் கிழக்கு மூலைக்கு, நான் கொப்புளம் வர வெட்டிய இடத்துக்குப் போய் முட்டியது. அவர் விட்ட பாய் அகலமும் அந்தத் தடத்தின் அகலமும் ஒன்று. அவர் அளந்து விட்டிருக்கிறார். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வாய்க்காலில் அந்த இடத்தை மண் போட்டு மூடி மிதித்து, கரையை உடைத்து வழி விட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் அதன் வழியே இறங்கி, மனைக் கற்களுக்கு நடுவே பரவி நின்றது.

இரண்டே நாளில் மனை விற்கிற பையன் பைக்கில் வந்தான். மரியாதையான பையன்.

"சார், ஒங்க கொல்லியிலருந்துதான் தண்ணி வருது. பிளாட் பாக்க வர்றவங்க திரும்பிப் போறாங்க. அந்த மூலைய அடைச்சிடுங்க. ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வரக்கூடாது சார்."

அந்த வார்த்தை என்னுடையது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், அடைத்துவிடத்தான் நினைத்தேன். அவர் போய்விட்டார், குட்டை இல்லை, பிறகு யாருக்காக இந்த வழி? சண்டை எதற்கு? ஆனால் அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடைத்தால் மனசு ஆறும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அனுமதி கேட்கத்தான் போனேன்.

அவர் அம்மையார்குப்பத்தில் மகள் வீட்டில் இருந்தார். மருமகனுக்கு நாலு விசைத்தறி. தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம் காதை அடைத்தது. மருமகன் என்னை உட்காரவைத்துவிட்டு, பேச்சுக்குப் பேச்சு மாமியாரைப் பற்றிக் குறை சொன்னார்.

"கோன்லருந்து நூல எடுத்துத் தார்க்கட்டையில சுத்தறாங்க சார், கை நல்ல வேகம். ஆனா கோன் காலியாவறதுக்கு முன்னாடியே மாத்திடறாங்க. ஒவ்வொரு கோன்லயும் நாலு மொழம் நூல் மிச்சம். அத்தைக்கு எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க."

வாசலில் ஒரு அரிசிச் சாக்கில் மண் நிரப்பிப் பீர்க்கங்கொடி விட்டிருந்தார். அந்த மிச்ச நூலைத்தான் கட்டி அதைக் கூரைக்கு ஏற்றியிருந்தார். நீலம், ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராக நூல். மூன்று காய் தொங்கின. முற்றி நெற்றாகப்போகிற நாலாவதை விதைக்கு விட்டிருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்தது. காலம் கடந்து இந்தப் படிப்பு வந்துவிட்டது எனக்கு.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். பப்பாளி எப்டி கீது?"

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கோரைத் தடம், பாய் அகலம், நான் வெட்டியது, இரண்டு குடம்.

"ஏம்மா, தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே? என் குட்டைக்குத் தண்ணி வராது சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே சார். ஒரு வழி உடுங்கன்னேன். அதுக்கு மேல சொன்னா எங்கொல்லிக்காகச் சொல்றாப்பல ஆயிடும்ல? கூலிக்கு வந்துகினு எப்டி சார் சொல்றது?"

"நான் வெட்டினதுக்கு அப்புறமாவது..."

"திங்கக்கெழம வந்து பாத்தேன். நீங்க வெட்டி முடிச்சிருந்தீங்க. கையில துணி கட்டிகினு இருந்தீங்க. அவ்ளோ ஆசையா வெட்டுனத நான் எப்டி மூடச் சொல்றது?"

தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், வந்த காரியத்தைக் கேட்டேன்.

"இப்ப அங்க குட்டை இல்லம்மா. மனைக்காரங்க சண்டை போடறாங்க. அந்த வழிய அடைச்சிடட்டுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது.

"ஏன் சார்? நா இல்லன்னா தண்ணிக்கு இன்னா? எங்குட்டையிலயே நின்னு பூடுச்சா அது? ரொம்பினதும் தெக்கால பக்கமா வழிஞ்சு ஏரிக்குப் போவும். நானும் ஒரு பக்கம் உட்டுதான் சார் வெச்சிருந்தேன். ஏரிக்குக் கீழ எத்தினி கொல்லி கீது!"

அவர் குட்டைக்கு இன்னொரு பக்கம் இருந்தது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இறங்கிப் பார்த்தவன், என் நிலம் இருந்த பக்கம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "என்னை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன். ஆம் என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும், முடித்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்ற அந்தப் பழைய அரிப்புதான்.

அவர் கொஞ்ச நேரம் பீர்க்கங்கொடியின் நூலை இழுத்துக் கட்டினார். பிறகு சிரித்தார்.

"மன்னிச்சிட்டேன் சார். கொஞ்சம் மட்டும் வெச்சிகினு கீறேன்."

"என்னம்மா?"

"முழுசா குடுத்துட்டா நீங்க நிம்மதியா போய் அந்த மூலைய அடைச்சிடுவீங்க. அது இருக்கட்டும் சார். அது இருந்தாத்தான் அந்த வழி தெறந்து கெடக்கும்."

நான் திரும்பி வந்து மனைக்காரப் பையனிடம் அடைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் மனைகளின் ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ள மட்டும் இடம் கேட்டேன். வெட்டுகிறவன் நானே என்றதும், கிழவனுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான், சரி என்றான். பதினோரு நாள் ஆனது. ஆள் வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை. கற்களை ஒட்டியே வெட்டிக்கொண்டு போய் தெற்கே ஏரி வாய்க்காலோடு சேர்த்தேன்.

போன வாரம் நல்ல மழை. விடிந்ததும் மண்வெட்டியோடு போய்க் கிழக்கு மூலையில் நின்றேன். தண்ணீர் அந்தப் பாய் அகலத்தில் இறங்கி, கோரைத் தடத்தில் ஓடி, வெள்ளைக் கற்களின் ஓரமாகத் திரும்பி, ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவரைப் போல "ரா, ரா" என்று அதைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். அவருடைய குட்டை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை.